அரிவாள் வைத்திருந்த கடிகாரம்

வண்ணார்பேட்டையில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் வரவேற்பறையில் அந்தப் பழைய பிரெஞ்சுக் கடிகாரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வெண்பளிங்குப் பீடத்தில் பொன்முலாம் பூசிய கிழவர். முதுகில் சிறகு, கையில் நீண்ட அரிவாள்.

பாளையங்கோட்டையில் பெரியப்பா வீட்டு ஹாலிலும் இதே கிழவர் இருந்தார். கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் அதற்குச் சாவி கொடுப்பார். அந்தக் கிர்க் கிர்க் சத்தத்தில் கிழவர் விழித்துக்கொள்வதாக எனக்குத் தோன்றும்.

“யாரு பெரியப்பா இது?”

“காலம்ட்டி.”

சிறுமியான என்னை விளிக்கும் ‘ட்டி’ ஒட்டியதில் ‘ம்’ தேய்ந்து, என் காதில் காலன் என்றுதான் விழுந்தது.

அதன்பிறகு அந்த ஹாலை நான் தனியாகக் கடந்ததில்லை. அரிவாளின் முனை பெரியப்பாவின் சாய்வு நாற்காலிக்கு நேராக நீண்டிருந்தது. அவருக்குக் காய்ச்சல் கண்ட அன்று ஓடிப்போய்க் கிழவரைத் துண்டால் மூடினேன்.

“மூடாதட்டி, மணி பாக்காண்டாமா?” என்று அவரே எழுந்து துண்டை எடுத்துவிட்டார்.

அந்த வாரமே பெரியப்பா இறந்துபோனார்.

“யாரும்மா அது?” என்று இப்போது என் மகள் கேட்டாள்.

“காலம்” என்றேன். வாய்வரை வந்த ‘ட்டி’யை விழுங்கிவிட்டு, அரிவாளுக்கு நேரே நின்றவளை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.