ஒரே கையெழுத்தில் இரண்டாயிரம் பறவைகள்

முப்பத்து நாலு வயதில் இவள் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் இருந்தாள். மாடியில் தெருவைப் பார்த்த அறையில், சுவரை அடைத்து நின்ற மர அலமாரியின் நாற்பது இழுப்பறைகளிலும் இருந்தாள்.

மூத்தவள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். பறவை பொறித்த நாணயங்களை மட்டும் சேர்த்தவள். நாரை, ஆந்தை, அன்னம், பருந்து என்று எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் அதில் ஒரு சிறகு இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சீட்டு. பறவையின் பெயர், நாடு, அச்சடித்த ஆண்டு. கறுப்பு மையில் கடுகு கடுகாய் எழுத்து. 'ழ'வின் வால் மட்டும் கீழே இறங்கி ஒரு சுழி சுழித்து நிற்கும்.

"அந்த அலமாரியில கை வைக்காத வரைக்கும் உனக்கு ஒரு குறையும் வராது" என்று கல்யாணத்தன்று நாத்தனார் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கை வைக்கவில்லை. இவள் இன்சூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட். காலையில் சமைத்துவிட்டு, நாலு வயது மூத்தாள் மகளுக்குத் தலை பின்னி அனுப்பிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவாள். அந்தக் குழந்தை முதல் நாளிலிருந்தே "சித்தி" என்று கூப்பிட்டது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இவள் கேட்கவில்லை. கணவர் நில அளவைத் துறையில் வரைபடம் வரைகிறவர். கோபம் வராது, பேச்சும் வராது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நாணயங்கள் தபாலில் வந்துகொண்டே இருந்தன. மூன்று மணி நேரம் கழித்து இறங்கி வருபவரின் விரலில் மை இருக்கும்.

இவளை உண்மையில் சுட்டது அலமாரி அல்ல, பிறந்தநாள் கார்டுகள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே மூத்தவள் மகளுக்காகப் பதினாலு கார்டு எழுதி வைத்திருந்தாளாம். ஐந்தாவது பிறந்தநாளிலிருந்து பதினெட்டாவது வரைக்கும் வருஷத்துக்கு ஒன்று. அவர் உறையைக் கொடுப்பார். பிள்ளை அதை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடும். இவள் ராத்திரியெல்லாம் கண் விழித்துத் தைத்த சட்டை நாற்காலியில் கிடக்கும். செத்தவளோடு போட்டி போட முடியுமா என்று அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்திக்கொள்வாள். பெண் பெரியவளாகி, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது அந்தப் பதினாலையும் எடுத்துப் போனாள்.

கடைசி நாலு வருஷம் அவருக்குக் கை நடுங்கியது. அப்போதுதான் இவளை மாடிக்குக் கூப்பிட்டார்.

"நான் சொல்றேன், நீ எழுது."

"என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"பழகிக்கலாம். இன்னும் சின்னதா எழுது. 'ழ' வாலைச் சுழிச்சு விடு."

அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். சரியாக வரும்வரை சீட்டைக் கிழித்துப் போடச் சொல்வார். எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்கிறார் என்றுதான் இவள் நினைத்தாள். சொல்லப்போனால் அவர்கள் வாழ்க்கையிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருந்த காலம் அதுதான்.

அவர் போன மறுவருஷம் இவளுக்கு முழங்கால் மாடிப்படி ஏற மறுத்தது. தரைத்தளத்தில் சின்ன வீடு பார்த்தாகிவிட்டது. அலமாரி அதன் வாசலில்கூட நுழையாது. மகளுக்குப் போன் செய்தாள்.

"வித்துடலாம் சித்தி. எனக்கு அம்மாவோட கார்டு இருக்கு, போதும்."

நாணய வியாபாரி மூன்று நாள் வந்தார். லென்ஸ், மேசை விளக்கு, கறுப்பு வெல்வெட் துணி. அதிகம் பேசாத மனிதர். இரண்டாம் நாள் மத்தியானம் தேநீர் கொண்டுபோனபோது இரண்டு சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காசைவிட இந்தச் சீட்டுங்கதான் அதிசயம்மா. நாப்பது வருஷமா ஒரே கை. வயசாகியும் எழுத்து மாறவே இல்ல. நீங்கதானே எழுதினது?"

"எது?"

"எல்லாமே."

ஒரு சீட்டு மூத்தவள் உயிரோடு இருந்தபோது வந்த ஆந்தைக்கு. இன்னொன்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அச்சடித்த கொக்குக்கு. அதை இவளே எழுதியிருந்தாள். லென்ஸை வாங்கிப் பார்த்தாள். வித்தியாசம் தெரியவில்லை. வியாபாரி சாப்பிடப் போனதும் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பாதிக்கு மேல் நாணயங்கள் மூத்தவள் செத்த பிறகு அச்சானவை. அத்தனைக்கும் அதே கடுகு எழுத்து, அதே வால். அவள் எங்கே நிறுத்தினாள், கணவர் எங்கே தொடங்கினார், தன் கை எங்கே வந்து சேர்ந்தது என்று ஆண்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

வரைபடக்காரர் எந்த எழுத்தையும் வரைவார். அது இவளுக்குத் தெரிந்ததுதான். பிறந்தநாள் கார்டுகளின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. உட்கார்ந்துவிட்டாள். அறையில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

வியாபாரி திரும்பி வந்ததும், "சீட்டு இல்லாம எடுத்துக்குங்க" என்றாள்.

"விலையில கால்வாசி குறைஞ்சிடும்மா. ஏன்?"

"போகட்டும்."

மறுநாள் காலை வீடு மாற்ற உதவிக்கு மகள் வந்தபோது இவள் தரையில் உட்கார்ந்து சீட்டுகளைக் குவித்துக்கொண்டிருந்தாள். அரை பக்கெட் தண்ணீரில் மை கரைய ஊறப் போட வேண்டும் என்பது திட்டம். மகள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ன பண்றீங்க?"

"சும்மா. பழசு."

மகள் குனிந்து நாலைந்து சீட்டுகளை எடுத்தாள். ஆண்டுகளைப் படித்தாள். மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதை என்கிட்டேருந்து மறைக்கவா, சித்தி?"

இவள் குவியலைக் கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பத்து வயசுலயே தெரியும். அந்த வருஷக் கார்டுல, 'கண்ணாடியோட தூங்காதே, மூக்குல தழும்பு விழும்'னு இருந்துச்சு. நான் கண்ணாடி போட்டதே அந்த மாசந்தான். அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" அவள் சீட்டின் ஓரத்தை நகத்தால் தடவினாள். "அதே வார்த்தையைச் சொல்லி அதுக்கு முந்தின வாரம் என்னைத் திட்டினது நீங்க."

"நானா?"

"நீங்கதான் எழுதுறீங்கன்னு அன்னைக்கே புரிஞ்சிடுச்சு. கேட்டா நிறுத்திடுவீங்களோன்னு பயம். அதான் கேக்கல. எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன்."

இல்லை, அப்பா எழுதினார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மகளின் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அந்த முகம் இவளை இப்படிப் பார்த்ததே இல்லை. இவள் சொன்ன வார்த்தைதான், அதில் சந்தேகம் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு போய் அவர் செத்தவளின் எழுத்தில் வரைந்திருக்கிறார். இன்னும் எத்தனை வார்த்தைகளை அப்படி எடுத்தாரோ. இவள் பேசாமல் இருந்தாள். மகள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு தோளில் சாய்ந்தாள்.

சீட்டுகள் இழுப்பறைகளுக்கே திரும்பின. சேகரிப்பு மொத்தமாக ஏலத்துக்குப் போய்ப் பல கைகளுக்குப் பிரிந்தது. வியாபாரி அனுப்பிய பட்டியல் புத்தகத்தின் முதல் பக்கத்தில், 'அனைத்தும் ஒரே பெண்மணியின் கையெழுத்தில்' என்று அச்சாகியிருந்தது. அதைத் திருத்தச் சொல்லி எழுத உட்கார்ந்தவள், உறையின் மேல் தான் எழுதிய முகவரியிலும் 'ழ'வின் வால் சுழித்து நிற்பதைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டாள்.

இப்போது தரைத்தள வீடு. மூன்று ஜன்னல், நல்ல வெளிச்சம். மகள் வாரம் இரண்டு தடவை போன் செய்கிறாள். முன்பு மாதத்துக்கு ஒன்றுதான். ஆபீஸ், தலைவலி, வீட்டு வாடகை என்று ஒரு மணி நேரம் பேசுகிறாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் இவள் ஒவ்வொரு தடவையும் போனை எடுக்கிறாள். எடுத்ததும், அடுத்த அறையில் யாரோ வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது போல இருக்கிறது. அது அவரா, மூத்தவளா என்று தெரியவில்லை. தலைவலிக்கு என்ன மாத்திரை போட்டாய் என்று கேட்கிறாள்.