புதுத் திரையில் உங்கள் அம்மாவின் டிசைன்கள்

கவிதா, செந்தில், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

வெண்ணந்தூரில் நம் விசைத்தறிக்குச் சேலை பார்டர் டிசைன்களைக் கணினியில் வரைந்தவள் உங்கள் அம்மா. அவள் இறந்த பிறகு, கடைக்காரர்கள் அனுப்பும் டிசைன்கள் பழைய மென்பொருளில் திறக்கவில்லை. கவிதா, நீ புதியதை ஏற்றினாய். திரையே மாறிவிட்டது. அம்மாவின் டிசைன்களைக் காணோம்.

“உங்கம்மா போட்டதையெல்லாம் அழிச்சுப்போட்டியே!” என்று கத்திவிட்டேன்.

“எதுவும் போகலீங்கப்பா, இடந்தான் மாறியிருக்குது” என்று அழுதுகொண்டே திறந்து காட்டினாய். எல்லாம் இருந்தன. ஆனாலும் அவள் அடுக்கிய வீட்டை யாரோ கலைத்ததுபோல் இருந்ததால், நான் அந்தப் புது மென்பொருளைத் தொடவேயில்லை. புது டிசைன் போகாததால் தறிகள் வேலையில்லாமல் நின்றன.

“அம்மாவா இருந்தா அன்னைக்கே கத்துக்கிட்டிருக்கும். நீங்க கம்ப்யூட்டர்கிட்டக் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறீங்க” என்றாய், செந்தில். சுருக்கென்றது. மறுநாளே, கவிதா, உன்னிடம் கற்க உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் எதையாவது காணோமென்றால், கத்துவதற்கு முன் கேட்கிறேன்.

நேற்று நீங்கள் வெளியே போனதும் அம்மாவின் கடைசி டிசைனைத் திறந்தேன். தோகை விரித்து நேரே நிற்கும் மயில் பார்டர், இடப் பாதிதான் வரைந்திருந்தாள். புதிய மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணாடியில் தெரிவதுபோல் மறுபாதி தானாக வந்துவிடும். அழுத்தினேன், முழு மயில் வந்தது. வெகுநேரம் பார்த்தேன். பிறகு அந்த மறுபாதியை நீக்கி, அவள் விட்டபடியே சேமித்துவைத்தேன்.