ஏழு கெளுத்திகளும் வாப்பாவின் சீமெந்தும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும்; பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

போன மாதம் மகளுக்கு மீன்தொட்டி வாங்கப் புத்தளம் போனோம். அவள் தெரிந்தெடுத்தது கெளுத்தி இனத்து வளர்ப்பு மீன்கள். கட்டைவிரல் நீளம், வாயோரம் மீசை, ஆறேழு சேர்ந்தே திரியும். கடைக்காரர் உயரமான கண்ணாடித் தொட்டி ஒன்றைக் காட்டினார். மகளுக்கும் அதுதான் பிடித்தது. நான் வேண்டாம் என்று சொல்லி, மூலையில் கிடந்த உயரம் குறைந்த, அகலமான தொட்டியை எடுத்தேன். ஏன் என்று அவள் வழியெல்லாம் கேட்டாள். எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

சண்டைக் காலத்தில், 1990இல், மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை எல்லாம் வெளியேற்றியபோது எனக்கு நான்கு வயது. புத்தளத்துக்கு வந்து, கற்பிட்டிப் பாதையோரம் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் இருந்தோம். வாப்பா மேசன். பலருக்கு வீடு கட்டிக் கொடுத்தார். எங்கள் கொட்டிலில் மட்டும் சீமெந்து படவில்லை. தரைகூட மணல்தான். மழைக்காலத்தில் உம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை மாறுவார். அடுத்த பெருநாளைக்கு ஊரில் இருப்போம் என்பார் வாப்பா. ஒவ்வொரு பெருநாளும் அதைச் சொன்னார்.

எனக்கு எட்டு வயதானபோது, சிலாபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் பண்ணையில் வேலைசெய்த மாமா, உம்மாவின் தம்பி, பொலித்தீன் பையில் ஏழு கெளுத்திகளைக் கொண்டுவந்து தந்தார். நீந்தும் செட்டை கோணல் என்று பண்ணையில் கழித்த மீன்கள். உம்மாவிடம் அகலமான பிளாஸ்டிக் பேசினைக் கேட்டேன். இருக்கிறது ஒன்றுதான், உடுப்பு எதில் கழுவுவது என்று மறுத்துவிட்டார். கடைகளில் இனிப்புப் போட்டு வைக்கும் உயரமான போத்தல் ஒன்று கிடைத்தது. அதில் விட்டேன்.

இந்த மீன்கள் அடியில் மேய்கிறவை. ஆனாலும் இடைக்கிடை மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பும். போத்தலில் ஒவ்வொன்றும் அவ்வளவு தூரம் ஏறிக் காற்றைக் குடித்து, திரும்பி வந்து மற்றவற்றின் முதுகில் விழுந்தது. ஒரு கிழமைக்குள் இரண்டு செத்தன.

அடுத்த முறை வந்த மாமா போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது மீன் வளக்கிறதா, கிணத்தில தள்ளுறதா? இதுகளுக்கு உயரம் வாணாம், தரைதான் வேணும். இல்லாட்டி மிச்சமும் போயிரும்" என்றவர், வாப்பாவின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் வீடு கட்டுற மேசன்ட வளவில மீனுக்கு ஒரு தொட்டியில்லயா மச்சான்?"

வாப்பா சிரிக்கவில்லை. ஊருக்குத் திரும்பப்போகிறவன் இந்த நிலத்தில் ஒரு கல்லும் வைக்கமாட்டான் என்று மட்டும் சொன்னார். வேலையில் மிஞ்சிய அரை மூட்டைச் சீமெந்து கொட்டிலுக்குள் இருந்தது எனக்குத் தெரியும். நான் அழுதேன். சாப்பிட மறுத்தேன். வாப்பாவைப் போல் கல்நெஞ்சர் இல்லை என்று மாமாவிடம் சொன்னேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் வாப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"அழாத மகன். ஊருக்குப் போனதும் நம்மட வீட்டுக் கிணத்தடித் தொட்டியில விடுவம். நான் கட்டின தொட்டி. நீ அதுக்குள்ள இருந்துதானே குளிப்பாய்?"

நான் வளர்ந்து, நாட்டில் சண்டை முடிந்தபின் மன்னாருக்குப் போய் அதைப் பார்த்தேன். கிணறு தூர்ந்துவிட்டது, தொட்டி இருக்கிறது. அகலமானது, முழங்கால் உயரம். வாப்பா சொன்னது சரிதான், கெளுத்திகளுக்கு அதைவிட நல்ல தொட்டி கிடைக்காது. ஆனால் அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எந்த வீடு வாப்பா?" என்று கேட்டேன்.

ஊரில் விட்டுவந்த நம் வீடு என்றார். பிறகு முற்றத்து முருங்கையைச் சொன்னார். முன்படியில் விழுந்து என் நெற்றி வெடித்ததைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும், தெரியாது என்று தலையாட்டினேன். எழும்பி வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் அவர் வேலைக்குப் போகவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் கயிறு பிடித்து, மணலைத் தோண்டி, கல் வைத்து, சீமெந்து குழைத்தார். நான் ஆசைப்பட்டதைவிடப் பெரிய தொட்டி. மீன்களின் மீசை தேயக்கூடாது என்று அடித்தரையை உள்ளங்கையால் தடவித் தடவி வழுவழுப்பாக்கினார். புதுச் சீமெந்தில் உடனே விட்டால் மீன் சாகும், வாழைத்தண்டு வெட்டிப் போட்டு இரண்டு கிழமை தண்ணீர் மாற்ற வேண்டும் என்றார். அதுவரைக்கும் பேசினைத் தரும்படி உம்மாவிடம் கேட்டார். உம்மா அதிலிருந்த உடுப்புகளைக் கொட்டிவிட்டுக் கொடுத்தார்.

என் அழுகை வென்றுவிட்டது என்று நான் தொட்டியைச் சுற்றி ஓடினேன். ஓடும்போதுதான் கண்டேன், உம்மா கொட்டில் வாசலில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின. வாப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை; சாந்தை அள்ளி வைத்துக்கொண்டேயிருந்தார். செத்துப்போன இரண்டு மீன்களுக்காக உம்மா இப்படி அழுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அழாதீங்க உம்மா. மிச்சம் அஞ்சும் இனிச் சாகாது" என்றேன்.

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.