கை கொடுத்தவன்

அன்று அங்கே இருந்தவர்கள்: எங்கள் சர்ச் இளைஞர் குழுத் தலைவர் கெரிட், சமையலுக்கு வந்த அவர் மனைவி லோயிஸ், டெர்க், அனிகா, பிராம், என் தங்கை டெஸ்ஸா, நான். மொத்தம் ஏழு பேர். இதில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஏதோ நடந்தது என்றுதான் சொல்வார்கள். டெஸ்ஸாவை மட்டும் கேட்காதீர்கள்.

மிச்சிகனில் ஓர் ஏரிக்கரை முகாம். அக்டோபர், சனிக்கிழமை. காலையில் எதிரணியின் கொடியைப் பறிக்கும் விளையாட்டு, பிறகு வேதபாடம், மதியம் ஹாட் டாக். ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் பட்டப்பகலில்தான்.

3.10-க்கு கெரிட் எங்கள் கண்களைக் கட்டி பைன் தோப்புக்குள் விட்டார். மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தது. கயிற்றைப் பிடித்தபடியே வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். பேசக் கூடாது. முடியாதவர்கள் கையைத் தூக்கி உதவி கேட்டால் கெரிட் வந்து தோளைத் தொடுவார், கட்டை அவிழ்த்து பெஞ்சில் உட்கார வைப்பார். உண்மையில் வெளியேற வழியே கிடையாது. உதவி கேட்பதுதான் வழி. அதுதான் பாடம்.

போன வருஷமும் ஆடியதால் எனக்கு இது தெரியும். டெஸ்ஸாவுக்குத் தெரியாது. பதினான்கு வயது, முதல் தடவை. வரவே மாட்டேன் என்றவளை நான்தான் இழுத்து வந்தேன்.

“நம்ம ரெண்டு பேர்ல முதல்ல கை தூக்குறவங்க எல்லார் தட்டையும் கழுவணும்,” என்றேன்.

“அப்ப இப்பவே சோப்பு எடுத்து வச்சுக்கோடா,” என்றாள்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கெரிட் நேரத்தைச் சத்தமாகச் சொன்னார். 3.20-க்கு பிராம் உதவி கேட்டான். காய்ந்த பைன் ஊசியிலைகள் நொறுங்க கெரிட் நடந்து போனது கேட்டது. 3.30-க்கு அனிகா. அப்புறம் டெர்க். நான் சிரித்துக்கொண்டேன். மிச்சம் நானும் டெஸ்ஸாவும்தான்.

3.40.

“உதவி வேணும்.” எனக்குப் பின்னால். டெஸ்ஸாவின் குரல்.

தட்டு அவளுக்கு என்று நினைத்தேன். கெரிட்டின் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

“உதவி வேணும்...” இப்போது இன்னும் பக்கத்தில். தரையில் அத்தனை ஊசியிலைகள் கிடந்தும் அவள் நடந்த சத்தம் இல்லை.

“3.50,” என்றார் கெரிட், எங்கேயோ தூரத்தில். அவ்வளவுதான்.

அவள் அழ ஆரம்பித்தாள். கயிறு நடுங்கியது.

“டெஸ், அழாத. பந்தயமெல்லாம் வேணாம். கையைக் குடு.”

கையைப் பின்னால் நீட்டினேன்.

பிடித்தது.

ஈரம். ஏரித் தண்ணீர் போலச் சில்லென்று...

விரல்கள் என் மணிக்கட்டைத் தாண்டி வந்தன. டெஸ்ஸாவுக்கு அவ்வளவு நீள விரல்கள் இல்லை.

உதறினேன். விடவில்லை.

மறு கையைத் தூக்கினேன்.

“உதவி...”

கெரிட் கட்டை அவிழ்த்தபோது மணி 3.58. என் பின்னால் யாரும் இல்லை. மணிக்கட்டு மட்டும் நனைந்திருந்தது. பெஞ்சில் நாலு பேர். நடுவில், கையில் ஆப்பிளோடு டெஸ்ஸா.

“யார்கிட்டடா பேசிக்கிட்டிருந்த?” என்றாள். “நான் 3.15-க்கே பெஞ்சு பக்கமா நின்னு கையை மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன். உனக்குக் கேட்கக் கூடாதுன்னு வாயே திறக்கல.”

மறுநாள் திரும்பி வரும் வழியில், பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், கெரிட் என்னைத் தனியே அழைத்தார்.

“எனக்கும் கேட்கும், விம். ஆறு வருஷமா. பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பிள்ளையோட குரல்லதான் கேட்கும். அதான் நான் போறதில்ல.”

“சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்ல?” வேன் பக்கம் பார்த்தார். “இதுவரைக்கும் யாரும் அதுக்குக் கை குடுத்ததில்ல.”

6.40-க்கு வீடு. டெஸ்ஸா முதலில் உள்ளே ஓடி மாடிக்குப் போய்விட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நுழைந்தேன். அப்போதுதான் சமையலறையிலிருந்து வந்த அம்மா வாசல் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றாள்.

“மூடும்மா. குளிருது.”

“இருடா. டெஸ்ஸா வாசப்படி ஏறி வர்றாள்ல.”

மாடியில் குளியலறைக் குழாய் திறந்தது. டெஸ்ஸா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை.

அம்மா ஓரமாக நகர்ந்து வழிவிட்டாள். பிறகு கதவைச் சாத்தி, பூட்டினாள்.