வாசலில் குறுக்கே நின்ற என் வான்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கனடாவின் மொன்றியலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன், அங்கேயே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் கடை போட்டேன், கடைசியில் ஒரு கல்லூரியின் கன்டீனையே எடுத்து நடத்தினேன். அங்கே ஒப்பந்த ஆசிரியையாக இருந்த என் மகளும் மற்ற ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்த காலை, கன்டீனுக்கான ரோல்ஸ் பலகாரம் ஏற்றிய வான் வண்டியோடு வாசலில் மாட்டிக்கொண்டேன். முன்னால் பதாகையோடு மகள் நின்றாள். பின்னால் நிர்வாகத்தினரின் கார்கள் ஹோர்ன் அடித்தன.

"உள்ள போகாதேங்கோ, அப்பா."

"போகாட்டி கன்டீனைப் பறிச்சுப்போடுவாங்கள், பிள்ளை."

"போனா எங்கட ஸ்ட்ரைக் உடைஞ்சிடும். பேந்து என்ர முகத்தில முழிக்காதேங்கோ."

முன்னும் பின்னும் நகர வழியில்லை. மகளின் முகத்தைப் பார்த்தேன். வானை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஒரு கார்கூட உள்ளே போகவில்லை.

கன்டீனைப் பறித்தார்கள். ஆசிரியர்கள் வென்றார்கள். சங்கம் எழுதிய போராட்ட வரலாற்றில் என் பெயர் இல்லை. அந்த வாசலை மூடியவன் நான். அதையும் எழுதுங்கள்.