பவர் ஹவுஸ் வெந்நீர்

பிள்ளைகளா, குற்றாலத்துக்குக் கூட்டிப்போகவில்லை என்று கோபித்துக்கொள்கிறீர்கள். உங்கள் வயதில் நானும் நோய் தீர்க்கும் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன். அது பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸுக்குப் பின்னால் ஓடியது.

மெஷினைக் குளிர வைத்துவிட்டு வருகிற தண்ணீர்தான் அது என்று இப்போது தெரியும். வாய்க்காலில் ஆவி பறக்க விழும். முதலில் ஒரு ஜட்காக்காரர் தன் நொண்டிக் குதிரையை அதில் நிறுத்தினாராம். மூன்றாம் நாள் குதிரை ஓடியதாம். குதிரையின் நிறம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அப்புறம் ராயபுரம், தண்டையார்பேட்டையிலிருந்தெல்லாம் கை கால் பிடிப்புக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். காலையில் பெண்கள், மாலையில் ஆண்கள். பெரிய புகைபோக்கியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்க வேண்டும். ஒன்பது நாள் உட்கார வேண்டும். ஈரத்தைத் துடைக்கவே கூடாது.

என் மாமா, அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். முழங்காலில் அடிபட்டு ஒரு மாதமாக எங்கள் வீட்டில் கிடந்தார். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார். அவரும் வாய்க்காலில் உட்கார ஆரம்பித்திருந்தார்; அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஒன்பதாம் நாள். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். தண்ணீருக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று வழியெல்லாம் நச்சரித்தேன்.

"பூமிக்கு அடியில அடுப்பு கீதுடா" என்றார்.

அன்று ஆவியே இல்லை. தினமும் வரும் வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரி பாய், காலை வைத்ததும் இழுத்துக்கொண்டார்.

"இன்னா மாமு, ஐஸ் கணக்கா கீது! வா நைனா, வூட்டுக்குப் போலாம். சளி புடிச்சா அது வேற பேஜாரு."

மாமா இறங்கி உட்கார்ந்தார். "நீ போ பாய். சூடு அடியில கீது."

நான் கையை விட்டுத் துழாவினேன். அடியிலும் சில்லென்றுதான் இருந்தது. சொன்னேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கமான நேரம் முழுக்க உட்கார்ந்தார். பிறகு எழுந்து, என் தோளைப் பிடிக்காமலே நடந்தார்.

"பாத்தியா, வலியே இல்ல. அக்கா கேட்டா தண்ணி கொதிச்சுகினு இருந்துச்சுன்னு சொல்லு. இன்னா?"

அப்படியே சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் மாமா வேலைக்குப் போய்விட்டார். மெஷினை நிறுத்தினால் தண்ணீர் ஆறிப்போகும் என்பது எனக்குத் தெரியாது. வலியை வைத்துக்கொண்டே ஒருவர் நேராக நடந்து காட்ட முடியும் என்பதும் தெரியாது. ஒன்பதாம் நாள் சூடு குறைந்துபோனதே, வலி திரும்பி வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.

அம்மா குழாயடிக்குப் போன நேரத்தில், அடுப்பில் கொதித்த தண்ணீரைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு நான் மட்டும் வாய்க்காலுக்குப் போனேன். மாமா உட்கார்ந்த இடத்தைத் தேடி மெல்ல ஊற்றினேன்.