டீச்சர் படிக்கவிடாத என் வாக்கியம்

ஏழாம் வகுப்பில் இங்கிலீஷ் என்றால் எனக்குத் தனித் திமிர். டீச்சர் கரும்பலகையில் ஒரு சொற்றொடரை எழுதுவார். அதை வைத்து நாங்கள் சொந்தமாக வாக்கியம் எழுதவேண்டும். சரியாக எழுதியவர் முன்னால் நின்று சத்தமாகப் படிக்கலாம், வகுப்பே கை தட்டும். அந்தக் கைதட்டலுக்காக நான் எதையும் எழுதுவேன்.

அன்றைக்கு வந்தது 'நோ லாங்கர்'. முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று சொல்வதற்கு. "கைடப் பாத்து ராஜா செத்துட்டாருன்னு எழுதாதீங்க. உங்க வீட்ல நடக்கறத எழுதுங்க" என்றார் டீச்சர்.

எங்கள் வீட்டில் நடப்பது எனக்குத் தெரியாதா? மத்திகிரியில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அம்மா கம்பெனி வேலைக்காரர்களுக்குத்தான் வீடு விடுவார்; ஐடி கார்டைப் பார்த்த பிறகுதான் சாவி. அப்பாவைக் கம்பெனியில் நிறுத்திவிட்டிருந்தார்கள். சூளகிரி காய்கறி மண்டிக்கு மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் கிளம்புவது அதே நீல யூனிஃபார்மில். நல்ல சட்டை, சும்மா கிடப்பானேன் என்று போடுகிறார் என நினைத்திருந்தேன்.

'மை ஃபாதர் நோ லாங்கர் ஒர்க்ஸ் இன் த கம்பெனி.' எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது.

டீச்சரும் எங்கள் தெருதான். நோட்டைப் படித்தவர் என்னைப் பார்த்தார். முதல் பெஞ்சில் இருந்த வீட்டுக்கார அம்மாவின் மகளைப் பார்த்தார். ரைட் போட்டு நோட்டை மூடி, "போய் உக்காரு பாப்பா" என்றார். அடுத்து அவளையே கூப்பிட்டார். அவர்கள் மாடு இப்போது பால் கறப்பதில்லையாம். மாட்டுக்குக் கை தட்டினார்கள்! எனக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஓடிவந்து முதல் வேலையாகக் கதவைச் சாத்தினாள்.

"சத்தமா படிச்சியா?" அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்க உட்டாங்க? ரைட்டப் போட்டுட்டு உக்காரச் சொல்லிட்டாங்க."

அப்பா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அப்பா மண்டியிலிருந்து பெரிய கொத்தமல்லிக் கட்டு ஒன்று கொண்டுவந்தார். "காலைல டீச்சருக்குக் குடு. அப்பா குடுத்தாருன்னு மட்டும் சொல்லு."

என்னைப் படிக்கவிடாத டீச்சருக்கு எங்கள் கொத்தமல்லியா! பள்ளிக்கூடம் வரைக்கும் பொருமிக்கொண்டே போய், அவர் மேஜைமேல் தொப்பென்று போட்டேன். டீச்சர் ஒரு தழையைக் கிள்ளி முகர்ந்து, "அப்பாவ நான் கேட்டேன்னு சொல்லும்மா" என்றார். நான் சொல்லவே இல்லை. அவ்வளவு கோபம் எனக்கு.